சத்தத்தை முந்திய குண்டு

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றது. கரையில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டுவிட்டு இருட்டில் மறைந்தது. தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் உயிர்ச்சேதமும் ஏற்பட்டது.

அந்த இரவில் எர்ணாவூர் கடற்கரையில் ஒருவர் நின்றிருந்தால் அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? துறைமுகத்திலிருந்து எர்ணாவூர் வடக்கே ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். தெற்கே கடல்மேல் ஒரு வெளிச்சம் பளிச்சிடும். அதன் சத்தம் வந்து சேர அரை நிமிடம் ஆகும். மின்னலும் இடியும் அப்படித்தான் வருகின்றன என்பதால் இதில் நமக்கு ஆச்சரியம் இல்லை.

துறைமுகத்திலேயே இருந்தவருக்கு நடந்தது இதைவிட விசித்திரமானது. கப்பல் நின்ற தூரம் சுமார் 3,000 கஜம், அதாவது ஏறத்தாழ இரண்டே முக்கால் கிலோமீட்டர். அந்தத் தூரத்தைக் கடக்க ஒலிக்கு எட்டு நொடி வேண்டும். எம்டனின் பத்தரை சென்டிமீட்டர் பீரங்கியிலிருந்து கிளம்பும் குண்டின் வேகம் நொடிக்கு 690 மீட்டர். வழியில் காற்று இழுத்துப் பிடித்தாலும் அது ஐந்தாறு நொடியில் கரைக்கு வந்துவிடும். ஆகவே முதலில் வெளிச்சம், பிறகு குண்டு விழுந்து வெடிப்பது, அதற்கும் பிறகுதான் அந்தக் குண்டைச் சுட்ட பீரங்கியின் முழக்கம்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நொடிக்கு 690 மீட்டர் என்று அந்தக் காலத்தில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? மின்னணுக் கடிகாரம் கிடையாது. பறக்கும் குண்டு கண்ணுக்குத் தெரியாது. நிறுத்து கடிகாரத்தைக் கையில் வைத்திருப்பவர் பொத்தானை அழுத்துவதற்குள் குண்டு நூறு மீட்டருக்கு மேல் போய்விட்டிருக்கும்.

கடலூரில் இறந்த கணிதவியலாளர்

இதற்கு முதல் நல்ல விடையைத் தந்தவரின் வாழ்க்கை தமிழ்நாட்டில்தான் முடிந்தது. பெஞ்சமின் ராபின்ஸ், 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்த கணிதவியலாளர். கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தலைமைப் பொறியாளராக நியமித்து, சென்னைக் கோட்டையையும் கடலூருக்கு அருகிலுள்ள செயின்ட் டேவிட் கோட்டையையும் பலப்படுத்த அனுப்பியது. 1750இல் வந்தார். காய்ச்சலில் விழுந்து எழுந்தார். 1751 ஜூலை 29 அன்று செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்தார்.

இந்தியாவுக்கு வருவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1742இல், அவர் பீரங்கியியல் பற்றி ஒரு நூல் வெளியிட்டிருந்தார். அதில்தான் ஊசலைக் கொண்டு குண்டின் வேகத்தை அளக்கும் முறை விளக்கப்பட்டது. வேகமாகப் போவதை அப்படியே அளக்க முடியாதென்றால், அதை மெதுவாக்கிவிட்டு அளப்போம் என்பதுதான் அவருடைய யோசனை.

கரையிலிருந்து ஓடிவந்து கட்டுமரத்தில் குதித்தால் கட்டுமரம் முன்னால் நகரும். குதித்தவரின் ஓட்டம் அவருக்கும் மரத்துக்குமாகப் பங்கு போடப்படுகிறது. எடையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பதற்கு இயற்பியலில் உந்தம் என்று பெயர். அந்தப் பெருக்குத்தொகை குதிப்பதற்கு முன்னும் பின்னும் மாறாது. ராபின்ஸ் கனமான ஒரு கட்டையை ஊசலாகத் தொங்கவிட்டு அதன்மேல் துப்பாக்கியால் சுட்டார். குண்டு கட்டைக்குள் புதைந்து நின்றது, கட்டை ஆடியது. எவ்வளவு தூரம் ஆடியது என்பதை ஒரு நாடாவே காட்டிவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். குண்டின் எடை 38 கிராம், கட்டை 25 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கட்டை குண்டைப்போல் 650 மடங்குக்கு மேல் கனமானது. நொடிக்கு 500 மீட்டர் வேகத்தில் வந்த குண்டு கட்டைக்குள் புதைந்ததும் இரண்டும் சேர்ந்து நொடிக்கு முக்கால் மீட்டர் வேகத்தில்தான் நகரும். கட்டை மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு மேலெழும்பித் திரும்பும். மூன்று சென்டிமீட்டரை எந்தத் தச்சரும் அளந்துவிடுவார்.

ராபின்ஸ் இதைக் கொண்டு கண்ட இன்னொன்று அந்தக் காலத்துப் பீரங்கி வல்லுநர்களைத் திகைக்க வைத்தது. ஊசலைத் துப்பாக்கிக்கு அருகிலும் பிறகு தொலைவிலும் வைத்துச் சுட்டார். குண்டு வழியில் இழந்த வேகம் யாரும் நினைத்திராத அளவுக்கு இருந்தது. நொடிக்கு 1,700 அடி வேகத்தில் போகும் குண்டைக் காற்று, குண்டின் எடையைப்போல் 120 மடங்கு விசையோடு எதிர்க்கிறது என்று கணக்கிட்டார். காற்றின் தடையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று அதுவரை நம்பியிருந்தார்கள். ஆய்லர் போன்ற மாபெரும் கணிதவியலாளரே அந்த நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்து விளக்கம் எழுதினார். கடலூர் வழியாகப் போகிறவர்கள் செயின்ட் டேவிட் கோட்டையின் இடிபாடுகளைப் பார்க்கும்போது கம்பெனியின் படைத்தலைவர் கிளைவை நினைக்கிறார்கள். ராபின்ஸையும் நினைக்க வேண்டும்.

விழும் தடி சொன்ன நேரம்

ஊசல் நம்பகமானது, ஆனால் பெரிய பீரங்கிக் குண்டுக்கு ஒத்துவராது. பல கிலோ எடையுள்ள குண்டைத் தாங்க எவ்வளவு பெரிய கட்டையைத் தொங்கவிடுவது? வேறு வழி வேண்டியிருந்தது. மின்சாரம் அதைக் கொடுத்தது.

1860களில் லெ புலாஞ்ஜே என்ற பெல்ஜியப் பீரங்கிப்படை அதிகாரி ஒரு கருவி செய்தார். மிகச் சிறிய நேர இடைவெளியைப் பதிவு செய்யும் கருவிக்குக் குரோனோகிராஃப் என்று பெயர். இந்த அத்தியாயத்தில் அதை நுண்நேரமானி என்று சொல்லிக்கொள்வோம். குண்டு போகும் பாதையில், தெரிந்த இடைவெளியில், கம்பி பின்னிய இரண்டு சட்டங்கள் நிற்கும். ஒவ்வொன்றின் கம்பியிலும் மின்சாரம் ஓடும். முதல் சட்டத்தின் மின்சாரம் ஒரு மின்காந்தத்தை இயக்கி நீளமான தடி ஒன்றைப் பிடித்திருக்கும். இரண்டாவது சட்டத்தின் மின்காந்தம் குட்டையான தடியைப் பிடித்திருக்கும். குண்டு முதல் கம்பியை அறுத்ததும் நீளத்தடி விழத் தொடங்கும். இரண்டாவது கம்பியை அறுத்ததும் குட்டைத்தடி விழுந்து ஒரு விசையைத் தட்டும். அந்த விசை ஒரு கத்தியை விடுவிக்க, அது விழுந்துகொண்டிருக்கும் நீளத்தடியில் ஒரு வெட்டுத் தடம் போடும். தடம் எவ்வளவு உயரத்தில் விழுந்ததோ, அதிலிருந்து நேரம் தெரிந்துவிடும். பொருள்கள் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் விழும் என்பது கலிலியோ காலத்திலிருந்தே தெரியும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. குட்டைத்தடி விழவும், கத்தி பாயவும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அது பிழைதானே? லெ புலாஞ்ஜே அந்தப் பிழையை ஒழிக்க முயலவில்லை, அளந்தார். இரண்டு மின்சுற்றுகளையும் ஒரே கணத்தில் துண்டித்து, அப்போது தடம் எங்கே விழுகிறது என்று பார்த்தார். வழக்கமாக அதை 0.15 நொடிக்குச் சரிசெய்து வைப்பார்கள். அந்த நேரத்தில் தடி 11 சென்டிமீட்டர் விழுந்திருக்கும். இப்போது 50 மீட்டர் இடைவெளியுள்ள சட்டங்களை எம்டன் பீரங்கியின் குண்டு கடக்கிறது என்று கொள்வோம். அதற்கு ஆகும் நேரம் 0.072 நொடி. தடம் 24 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே விழும். 0.072 நொடி என்ற கைக்கு எட்டாத ஒன்று, தடியில் 13 சென்டிமீட்டர் நீளமாக மாறிவிட்டது. தடி ஓய்விலிருந்து கிளம்பியபோதே அளந்திருந்தால் இதே நேரம் இரண்டரைச் சென்டிமீட்டராகத்தான் தெரியும். தடி ஏற்கெனவே வேகமெடுத்துவிட்ட பிறகு அளப்பதால் துல்லியம் கூடுகிறது. பிழையாகத் தோன்றிய தாமதமே இங்கு உதவிக்கு வந்துவிட்டது.

எம்டன் காலத்திலும் பீரங்கிச் சோதனைத் தளங்களில் இந்தக் கருவி புழக்கத்தில் இருந்தது. நம் நாட்டில் ஒடிசாவின் சாந்திப்பூர் கடற்கரையில் 1895 முதல் குண்டுகளைச் சோதித்து வருகிறார்கள். நீலகிரியின் அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலை நடக்கிறது. வெடிமருந்தின் ஒவ்வொரு தொகுப்பும் சரியா என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது, அது குண்டுக்குக் கொடுக்கும் வேகம்தான்.

ஒரு ஏர் ரைஃபிளை அளப்போம்

எர்ணாவூரிலிருந்து ஒரு மாணவி பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சிக்குப் போகிறார் என்று கற்பனை செய்வோம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற அதே போட்டி. ஈயக் குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர், எடை 0.53 கிராம். வேகம் நொடிக்கு 175 மீட்டர் அளவில் இருக்கும்.

இன்றைய எளிய நுண்நேரமானியில் கம்பிச் சட்டம் கிடையாது. அதற்குப் பதிலாக மேல்நோக்கிப் பார்க்கும் இரண்டு ஒளியுணரிகள் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும். குண்டு மேலே கடக்கும்போது அதன் நிழல் விழுந்து வெளிச்சம் ஒரு கணம் குறையும். முதல் உணரியில் கடிகாரம் ஓடத் தொடங்கும், இரண்டாவதில் நிற்கும். 175 மீட்டர் வேகத்துக்கு இந்த நேரம் ஆயிரத்தில் 1.7 நொடி. இன்றைய மலிவான மின்னணுக் கடிகாரமும் பத்து லட்சத்தில் ஒரு நொடியை எண்ணக்கூடியது. அப்படியானால் நேரத்தில் வரும் பிழை ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

விளம்பரங்கள் கடிகாரத்தின் துல்லியத்தைத்தான் பெரிதாக எழுதுகின்றன. பிழை உண்மையில் நுழைவதோ தூரத்தின் வழியாக. மடக்கி வைக்கும் சட்டம் முழுதாக விரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். உணரிகளுக்கு இடையே 30 சென்டிமீட்டருக்குப் பதில் 29.4 தான் இருக்கிறது. ஆறு மில்லிமீட்டர் குறைவு. கருவிக்கு இது தெரியாது. அது 30 சென்டிமீட்டர் என்றே நினைத்து வகுக்கும், வேகத்தை இரண்டு சதவீதம் கூட்டிச் சொல்லும்.

இரண்டு சதவீதம் என்ன பெரிதா? இந்தியாவின் 2016 ஆயுத விதிகள்படி குழல்வாயில் 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் தரும் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவை. ஆற்றல், வேகத்தின் இருமடியாக வளரும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. அதே 0.53 கிராம் குண்டை நொடிக்கு 272 மீட்டர் வேகத்தில் அனுப்பும் ஒரு துப்பாக்கியின் ஆற்றல் 19.6 ஜூல், வரம்புக்குள். ஆறு மில்லிமீட்டர் குறுகிய கருவி அதை 277.6 என்று காட்டும். ஆற்றல் 20.4 ஜூலாகிவிடும். சட்டத்துக்கு உட்பட்ட துப்பாக்கி, விரியாத ஒரு கீலால் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

கருவி சாய்ந்திருந்தால் பிழை எதிர்த்திசையில் வரும். பத்து பாகை சாய்ந்தால் குண்டு உணரிகளுக்கு இடையே ஒன்றரைச் சதவீதம் கூடுதலாகப் பயணம் செய்ய வேண்டும், வேகம் அந்த அளவுக்குக் குறைவாகத் தெரியும். ஆகவே மேசையில் வைத்ததும் மட்டக் குழாயை வைத்துப் பாருங்கள், அளவுகோலை எடுத்து இடைவெளியைச் சரிபாருங்கள். இவை இரண்டும் செய்தவரின் மலிவான கருவி, செய்யாதவரின் விலையுயர்ந்த கருவியைவிட உண்மை பேசும்.

நம் மாணவிக்கு இந்தச் சதவீதங்கள் ஏன் முக்கியம்? பத்து மீட்டர் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் விட்டம். அங்கே போய்ச் சேர்வதற்குள் குண்டு ஈர்ப்பினால் கிட்டத்தட்ட 18 மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடுகிறது. குறிபார்க்கும் கருவியை அதற்கேற்பத்தான் பூட்டியிருப்பார்கள். ஒரு குண்டு மற்றதைவிட ஒரு சதவீதம் மெதுவாகப் போனால், மூன்றில் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கும். நடுப்புள்ளியின் பாதிக்கும் மேல்! கை அசையவில்லை, மூச்சு தவறவில்லை, ஆனாலும் புள்ளி போய்விடும்.

வெளிச்சமும் காற்றும்

ஒளியுணரிக் கருவி வாங்குபவர் தன் இடத்தின் வெளிச்சத்தை முதலில் கவனிக்க வேண்டும். எர்ணாவூரில் கடல் கிழக்கே. காலையில் சூரியன் தாழ்வாகக் கடலிலிருந்து எழும்போது வெளிச்சம் பக்கவாட்டில் உணரிக்குள் நுழையும். குண்டின் நிழல் அதில் கரைந்துபோய் கருவி பிழை காட்டும், அல்லது ஒன்றுமே காட்டாது. வெள்ளை பிளாஸ்டிக் தகடுகளை மேலே பொருத்துவது இதற்காகத்தான். அவை வெளிச்சத்தைப் பரவலாக்கித் தருகின்றன. மேகம் மூடிய பகல் இந்தக் கருவிக்கு மிகவும் ஏற்றது.

அறைக்குள் வேறு சிக்கல். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஓடுவதால் பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். நம் கண் அதைக் கவனிப்பதில்லை. ஆயிரத்தில் ஒரு நொடி மங்கலையும் குண்டின் நிழலாக எடுத்துக்கொள்ளும் உணரி கவனித்துவிடும். குண்டே வராமல் வேகம் காட்டும் கருவிகளின் ரகசியம் இதுதான். தன் சொந்த அகச்சிவப்பு விளக்கோடு வரும் கருவியை உள்ளரங்குக்கு வாங்க வேண்டும். கடற்காற்றின் உப்பு உணரியின் கண்ணாடியில் படியும் ஊர்களில் அதை அடிக்கடி துடைப்பதும் அவசியம்.

வெடிமருந்துத் துப்பாக்கி என்றால் குழல்வாயிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி வைப்பார்கள். அருகில் வைத்தால் வெடிப்பின் அதிர்வும் எரியாத துகள்களும் குண்டுக்கு முன்னாலேயே முதல் உணரியைத் தட்டிவிடும். காற்றுத் துப்பாக்கிக்கு ஒரு மீட்டர் போதும்.

எங்கே வைத்தாலும் கருவி சொல்வது அந்த இரண்டு உணரிகளுக்கு நடுவே இருந்த சராசரி வேகத்தைத்தான். ராபின்ஸ் கண்ட காற்றுத்தடை இங்கேயும் உண்டு. நம் மாணவியின் இலேசான ஈயக் குண்டு பத்து மீட்டர் போவதற்குள் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இழந்துவிடக்கூடும்.

நிழல் தேவைப்படாத கருவி

கம்பிச் சட்டங்களும் நிழலும் தேவையில்லாத இன்னொரு வழி ராடார். கிரிக்கெட் பந்தின் வேகத்தைத் தொலைக்காட்சியில் காட்டுவதும் இப்படித்தான். விம்கோ நகர் நிலையத்தில் நிற்காமல் போகும் ரயிலின் ஊதல், நம்மை நெருங்கும்போது கூர்மையாகவும் கடந்தபின் கனத்தும் ஒலிக்கிறது. இதற்கு டாப்ளர் விளைவு என்று பெயர். ராடார் நுண்நேரமானி துப்பாக்கிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ரேடியோ அலையை அனுப்புகிறது. விலகிச் செல்லும் குண்டின் முதுகில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றுக் குறைந்திருக்கும். நொடிக்கு 2,400 கோடி அதிர்வுள்ள அலையை அனுப்பினால், 175 மீட்டர் வேகக் குண்டு அதில் 28,000 அதிர்வுகளை மாற்றும். மின்னணுச் சுற்றுக்கு அது தாராளமான வித்தியாசம்.

ராடாரில் மட்டம் பார்க்க வேண்டாம், இடைவெளி அளக்க வேண்டாம், வெளிச்சம் ஒரு பொருட்டே இல்லை. குண்டைத் தொடர்ந்து பின்பற்றி, தூரம் கூடக் கூட வேகம் எப்படிக் குறைகிறது என்பதையும் சில கருவிகள் சொல்லிவிடும். ராபின்ஸ் ஊசலை இடம் மாற்றி மாற்றிச் செய்த வேலை அது. குறை, விலை. பக்கத்துத் தடத்தில் சுடுபவரின் குண்டை நம்முடையது என்று எடுத்துக்கொள்வதும் உண்டு.

மூன்றாவது வகை, குழலின் முனையில் துப்பாக்கிக் கத்திபோலக் கட்டிக்கொள்ளும் காந்த உணரி. உலோகக் குண்டு கடக்கும்போது காந்தப் புலம் குலைவதை அது கண்டுகொள்ளும். வெளிச்சம் பற்றிய கவலை இதிலும் இல்லை. ஆனால் குழலில் எடை தொங்குவதால் குறி மாறிவிடும். வேகமும் குறியும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியவருக்கு இது உதவாது.

பயிற்சி மன்றம் ஒன்று பொதுவாக வாங்குவதென்றால் ராடார் வாங்கலாம். தனியாகக் காற்றுத் துப்பாக்கி பழகுபவருக்கு விளக்கோடு கூடிய ஒளியுணரிக் கருவியே போதும் என்பது என் கருத்து. துப்பாக்கியால் குறைந்தபட்சம் பத்து முறை சுட்டு, சராசரியையும் மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் உள்ள இடைவெளியையும் எழுதி வைக்க வேண்டும். ஒரே ஒரு சூட்டின் எண்ணை யார் சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை. ஒரு சதவீதத்துக்குள் சிதறும் துப்பாக்கி, வேகம் குறைவாக இருந்தாலும், மூன்று சதவீதம் சிதறும் வேகமான துப்பாக்கியைவிடப் போட்டிக்கு நல்லது.

துப்பாக்கி இல்லாமலும் செய்யலாம்

இதையெல்லாம் புரிந்துகொள்ள யாரும் துப்பாக்கியைத் தொட வேண்டியதில்லை. மொட்டை மாடியிலோ கடற்கரையிலோ சுட்டுப் பார்ப்பது ஆபத்து, அதைச் செய்யவே கூடாது. திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம் பள்ளிகளின் இயற்பியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இரண்டு ஒளியுணரிகளையும் ஒரு சிறிய மின்னணுப் பலகையையும் வாங்கி, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக 30 சென்டிமீட்டர் இடைவெளியில் பொருத்துங்கள். மேல் உணரிக்கு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கோலிக்குண்டைப் போடுங்கள். அது இரண்டையும் கடக்க ஆயிரத்தில் 63 நொடி ஆக வேண்டும். பிறகு மாணவர்களிடம் சொல்லாமல் இடைவெளியை 29 சென்டிமீட்டராக்கி, எண் ஏன் மாறியது என்று அவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள்.